வாசிக்கும் உரிமையும் பூட்டப்பட்ட பொறியும்

கருத்துக்காகவே ஒரு கதை எழுதப்படலாமா என்ற வாதம் நம்மிடையே பழையது. தூய கலை பேசுவோர் ஒரு புறமும், சமுதாயப் பயனை வற்புறுத்துவோர் மறு புறமும் நின்று நீண்ட காலமாக வழக்காடி வந்துள்ளனர். இவ் வாதத்தை வெறுங் கொள்கையளவில் தொடர்வதிலும் பார்க்க, வெளிப்படையாகவே ஒரு கருத்துக்காக எழுதப்பட்ட படைப்பொன்றை எடுத்து, அது வாழ்க்கையோடு எவ்வளவு தூரம் பொருந்தி நின்றது, எவ்விடத்தில் வழுவியது என ஆராய்தல் பயனுடையது. அத்தகைய படைப்பு, அமெரிக்கக் கணினி அறிஞர் ரிச்சர்ட் ஸ்டோல்மன் எழுதிய 'வாசிக்கும் உரிமை' என்னும் சிறுகதை. 1997 பெப்ரவரியில் அது வெளிவந்தது ஓர் இலக்கிய ஏட்டிலன்று. கணினித் துறையினரின் சங்கமொன்று வெளியிடும் தொழில்சார் சஞ்சிகையிலேயே வெளிவந்தது.

ஸ்டோல்மன் தொழில்முறைக் கதாசிரியர் அல்லர். எவரும் பயன்படுத்தவும், ஆராயவும், மாற்றியமைக்கவும், பிறரோடு பகிரவும் கூடிய மென்பொருள் வேண்டும் என்பதற்காக 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தவர். இன்றுவரை அதே கோரிக்கையை முன்வைத்து வருபவர். ஆதலின் இக் கதை ஒரு போராளியின் கைநூல். அதை அப்படியே ஏற்றுக்கொண்டுதான் மதிப்பிடவேண்டும்.

கதை மிகச் சிறியது. எதிர்காலத்தில் டான் என்ற கல்லூரி மாணவனிடம் லிஸா என்ற மாணவி கணினியைக் கடனாகக் கேட்கிறாள். அவளுடையது பழுதாகிவிட்டது, பாடவேலை முடிக்கவேண்டும். இதிலென்ன சிக்கல்? கணினியைக் கொடுத்தால் அதிலுள்ள அவனுடைய நூல்களை அவள் வாசிக்கக்கூடும். நூல்களைப் பிறருக்கு வாசிக்கக் கொடுப்பது சிறைக்குரிய குற்றம். ஒவ்வொரு நூலினுள்ளும் ஒரு காவலன் உண்டு. யார், எப்பொழுது, எங்கே வாசித்தார் என்பதை அது மத்திய உரிம நிலையத்துக்கு அறிவித்துவிடும். பகிர்ந்து வாசிப்பது கள்வர் செயல் என்று ஆரம்பப் பள்ளி முதலே கற்பிக்கப்பட்டுள்ளது. டானோ ஆராய்ச்சிக் கட்டுரைகளை வாசிக்கக் கடன் பட்டவன். அக் கட்டணத்தில் பத்திலொரு பங்கே எழுதியவரைச் சென்றடையும். எனினும் தானும் நாளை கட்டுரை எழுதி, அப் பங்கைப் பெற்று, இக் கடனை அடைக்கலாம் என்பது அவன் நம்பிக்கை. காவலனை ஏமாற்றும் கருவியை வைத்திருந்த அவனுடைய வகுப்புத் தோழனை நண்பனொருவனே பரிசுப் பணத்துக்காகக் காட்டிக் கொடுத்தான். டான் ஈற்றில் கணினியை மட்டுமன்றித் தன் கடவுச்சொல்லையும் லிஸாவிடம் கொடுத்துவிடுகிறான். அவர்கள் மணந்து, சந்திரனுக்குக் குடிபெயர்கிறார்கள். 2062இல் அங்கு எழும் கிளர்ச்சியின் மூலக் கோரிக்கைகளில் ஒன்றாக வாசிக்கும் உரிமை அமைகிறது.

இக் கதையின் பலம் அதன் தொடக்கத்தில் இருக்கிறது. பெரிய கொடுங்கோலன் எவனையும் ஆசிரியர் மேடையேற்றவில்லை. சித்திரவதைக் கூடமில்லை, துப்பாக்கி ஏந்திய படையில்லை. சக மாணவி ஒரு பொருளை இரவல் கேட்கிறாள், அவ்வளவுதான். சாதாரண மனித உறவொன்றில், கேட்பதற்கும் கொடுப்பதற்கும் இடையில், சொத்துறவு எவ்வாறு ஒரு முள்வேலியாகக் குறுக்கே நிற்கிறது என்பதை இதனிலும் சுருங்கக் காட்டுதல் அரிது. டானின் மனத்தில் எழும் அச்சம் அவனுடைய கோழைத்தனம் அன்று. அவன் வாழும் சமுதாயத்தின் சட்டம் அவனுள்ளே குடியேறியிருக்கிறது. கடனில் மூழ்கிய மாணவன் நண்பனைக் காட்டிக் கொடுப்பதும் அவ்வாறே. வறுமை ஒழுக்கத்தைத் தின்னும் வகையை ஆசிரியர் ஒரு வரியில் உணர்த்திவிடுகிறார். பத்திலொரு பங்கை எதிர்பார்த்துத் தன்னைச் சுரண்டும் முறையையே நியாயமென எண்ணும் டான், மத்திய வகுப்புப் புத்திசீவியின் செம்மையான வகைமாதிரி. நாளைக்குத் தானும் ஒரு சிறு உரிமையாளன் ஆகலாம் என்ற கனவே இன்றைய உரிமையாளனுக்கு அரணாகிறது.

பலவீனமும் இதே அளவுக்கு வெளிப்படை. லிஸா கேட்கிறாள், பெறுகிறாள், காதலிக்கிறாள். அவளுக்கென ஒரு சிந்தனை கதையில் இல்லை. கட்டணம் செலுத்த இயலாதவள் அவளே. இம் முறையால் மிகுதியாக நசுக்கப்படுபவளும் அவளே. எனினும் கதை முழுவதும் டானின் மனச்சாட்சியின் கதையாகவே செல்கிறது. பாதிக்கப்பட்டவள் பாத்திரமாகாமல் சந்தர்ப்பமாகிவிடுகிறாள். அடுத்து, தீர்வு வந்து சேரும் வகை. இரு தனிமனிதரின் அன்பு அவர்களைச் சட்டத்தைச் சந்தேகிக்க வைக்கிறது. அவர்கள் உலகத்தையே விட்டுப் போகிறார்கள். மண்ணில் நடக்கவேண்டிய போராட்டம் சந்திரனுக்கு மாற்றப்படுகிறது. பொறிகளைச் செய்யும் தொழிலாளர், நூலகர், ஆசிரியர், மாணவர் சங்கம் எவரும் தென்படவில்லை. கிளர்ச்சி வரும் என்று சொல்லும் கதை, அது எவ்வாறு வரும் என்று சொல்லவில்லை.

இன்னொன்றையும் இடதுசாரி வாசகர் கவனிப்பார். பிரதி எடுப்பதைச் சோவியத் நாடு கட்டுப்படுத்திய வரலாற்றை டானும் லிஸாவும் படித்ததாகக் கதை குறிப்பிடுகிறது. இதைக் கண்டு முகஞ் சுளிப்பதற்கு நியாயமில்லை. பிரதி செய்யும் பொறிகளை அங்கே பூட்டி வைத்தது உண்மை. மக்கள் வாசிப்பதைக் கண்டு அஞ்சும் எந்த அதிகாரமும், தன்னை எப்பெயரிட்டு அழைத்துக்கொண்டாலும், மக்களிடமிருந்து விலகி நிற்பதே. அங்கு அரசு செய்ததை இங்கு கம்பனி செய்கிறது என்ற ஒப்பீடு கம்பனிக்கு எதிரான சாட்சியமேயன்றி வேறன்று.

ஒரு கருத்துக் கதைக்கு இறுதிப் பரீட்சையாளன் வாழ்க்கை. அப் பரீட்சை இக் கதைக்கு விரைவில் வந்தது. 1998இல் அமெரிக்கா நிறைவேற்றிய எண்ணியல் பதிப்புரிமைச் சட்டம், நூலையோ இசையையோ பூட்டியிருக்கும் பூட்டைத் திறப்பதையும், திறக்கும் கருவியைக் கைமாற்றுவதையும் குற்றமாக்கிற்று. 2001 ஜூலையில், அடோபி நிறுவனத்தின் மின்னூற் பூட்டைத் திறக்கும் நிரலை எழுதிய ருஷ்ய இளைஞர் டிமித்ரி ஸ்க்லியாரொவ், லாஸ் வேகாசில் ஒரு மாநாட்டில் உரையாற்றியபின் கைது செய்யப்பட்டார். அவர் எவருடைய நூலையும் திருடவில்லை. பூட்டின் பலவீனத்தை விளக்கினார். எதிர்ப்பு வலுத்ததும் முறையீடு செய்த நிறுவனமே பின்வாங்கிற்று. 2002 டிசம்பரில் அவர் பணிபுரிந்த கம்பனியை நடுவர்குழு குற்றமற்றதென விடுவித்தது. ஆயினும் கதையில் வரும் வகுப்புத் தோழனின் நிழல் ஐந்து ஆண்டுகளுக்குள் நிசமனிதன் ஒருவன்மேல் வீழ்ந்தது என்பது மறுக்கவொண்ணாதது.

2009 ஜூலையில் நடந்ததோ எந்த அங்கத எழுத்தாளனும் துணிந்து புனையாதது. அமேசன் நிறுவனத்தின் கிண்டில் என்னும் வாசிப்புக் கருவியில் பணங் கொடுத்து வாங்கப்பட்ட சில நூற்பிரதிகள், வாங்கியவர் அறியாமலே, தொலைவிலிருந்து அழிக்கப்பட்டன. விற்றவருக்குப் பதிப்புரிமை இருக்கவில்லை என்பது காரணம். பணமும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அழிக்கப்பட்ட நூல்கள் ஜோர்ஜ் ஓர்வலின் '1984'உம் 'விலங்குப் பண்ணை'யும். மாணவன் ஒருவன் நூலோடு சேர்த்து எழுதி வைத்திருந்த குறிப்புகள் பயனற்றுப்போயின. நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் இங்கே கவனிக்கவேண்டியது மன்னிப்பை அன்று, அழிக்கும் வல்லமையை. புத்தகக் கடைக்காரன் இரவில் நம் வீட்டுக்குள் புகுந்து, நூலை எடுத்துக்கொண்டு, மேசையிற் பணத்தை வைத்துவிட்டுப் போனால் அதற்கு நாம் இடும் பெயர் வேறு. 2019இல் மைக்ரோசொப்ட் தன் மின்னூற் கடையை மூடியபோதும், வாங்கியவர்களின் நூல்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்து மறையச் செய்யப்பட்டன.

இவ் வல்லமை எங்கிருந்து வந்தது? இதற்கு விடை காண, கதையின் ஓரத்தில் மட்டும் தலைகாட்டும் ஒரு செய்தியை நாம் நடுவிற் கொண்டுவர வேண்டும். டானின் கணினியில் வேறோர் இயங்குதளத்தை நிறுவ இயலாது. அதன் மூலக் கடவுச்சொல் உடையவனுக்கே தெரியாது. அந்தக் கடவுச்சொல்லைப் பொறிக்குள்ளேயே புதைத்து வைக்கும் திட்டம் உண்மையில் தீட்டப்பட்டது. 1999இல் கொம்பாக், எச்பி, ஐபிஎம், இன்டெல், மைக்ரோசொப்ட் ஆகிய ஐந்து கம்பனிகள் கூடி ஒரு கூட்டணி அமைத்தன. 2003இல் அது புதிய பெயரில் மறுசீரமைக்கப்பட்டது. அவர்களுடைய திட்டத்தின் பெயர் 'ட்ரஸ்டட் கம்பியூட்டிங்'. தமிழில் நம்பகக் கணிமை எனலாம். 2002இல் மைக்ரோசொப்ட் 'பலேடியம்' என்ற பெயரில் தன் பங்கை அறிவித்தது. கண்டனம் எழுந்ததும் அடுத்த ஆண்டு வாயில் நுழையாத நீண்ட பெயரொன்றைச் சூட்டிற்று. அதே 2002இல், எல்லா எண்ணியற் கருவிகளிலும் பிரதி தடுக்கும் அமைப்பைக் கட்டாயமாக்கும் மசோதாவை செனற்றர் பிரிட்ஸ் ஹொலிங்ஸ் அமெரிக்க மேற்சபையில் சமர்ப்பித்தார். படக் கம்பனிகளின் நலம் அதன் பின்னே நின்றது. மசோதா நிறைவேறவில்லை, ஆனால் அதன் நோக்கம் இறக்கவில்லை.

அதன் இயக்கம் விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. கணினியின் தாய்ப்பலகையில் ஒரு சிறு சில்லு பொருத்தப்படுகிறது. உற்பத்தியின்போதே அதனுள் ஓர் இரகசியச் சாவி இடப்படுகிறது. அச் சாவியைப் பொறியின் உடையவன் எடுத்துப் பார்க்க இயலாது. கணினி உயிர்பெறும்போது ஒவ்வொரு மென்பொருளையும் அளந்து, அவ் வளவைச் சில்லு பதிவு செய்கிறது. தொலைவிலுள்ள ஒரு கம்பனி கேட்டால், இப் பொறியில் இன்ன மென்பொருள் ஓடுகிறது எனச் சில்லு கையொப்பமிட்டுச் சாட்சி சொல்லும். உடையவன் ஒரு வரியை மாற்றியிருந்தாலும் சாட்சியம் மாறிவிடும். கம்பனி தன் படத்தையோ நூலையோ தர மறுக்கலாம். மேலும், ஒரு கோப்பை இன்ன மென்பொருளுக்கு மட்டுமே திறக்கும்படி முத்திரையிடவும் கூடும்.

இங்கேதான் இலக்கிய மாணவர் கருத்தூன்றிப் பார்க்கவேண்டிய ஒரு சொல் இருக்கிறது. நம்பகம் என்கிறார்களே, யார் யாரை நம்புவது? கேம்பிரிட்ஜ் பேராசிரியராயிருந்து 2024இல் மறைந்த ரொஸ் அன்டர்சன் 2002இலேயே இவ் வினாவை எழுப்பினார். பாதுகாப்புத் துறையின் வழக்கில் நம்பப்படும் பொருள் என்பது நம்பத் தகுந்த பொருள் அன்று. எது வழுவினால் நம் பாதுகாப்பே குலையுமோ அதுவே நம்பப்படும் பொருள் என அவர் எடுத்துக்காட்டினார். அதாவது, நம்பும் கட்டாயம் நமக்கு. வழுவும் வாய்ப்பு அவர்களுக்கு. உண்மையில் இத் திட்டத்தில் கம்பனி கணினியை நம்புகிறது, உடையவனை நம்புவதில்லை. தன் வீட்டு மேசையில், தன் பணத்தில் வாங்கிய பொறியில், உடையவனே சந்தேகத்துக்குரிய அந்நியனாகிறான். ஸ்டோல்மன் இதனைத் துரோகக் கணிமை என்று பெயர் மாற்றி அழைத்தது வசையன்று. எழுவாயை மீட்டெடுத்த இலக்கணத் திருத்தம் என்றே சொல்லலாம்.

இதற்கு எதிராக இரு வாதங்கள் சொல்லப்படுகின்றன. இரண்டும் தள்ளிவிடத் தக்கன அல்ல.

முதலாவது பாதுகாப்பு. கணினி களவு போனால் அதிலுள்ள தகவல் பிறர் கையிற் சிக்காமல் அதே சில்லு காக்கிறது. தீய நிரல்கள் இரகசியமாகப் புகுவதையும் அறியத் தருகிறது. இது உண்மை. ஆகவே சில்லை உடைத்தெறிக என்று நாம் சொல்லவில்லை. நெசவுப் பொறியை உடைத்த ஆரம்பத் தொழிலாளரின் கோபம் நியாயமானதாயினும், பகைவன் பொறியன்று, பொறியின் உடைமையுறவே என்ற தெளிவு பின்னரே பிறந்தது. அத் தெளிவு இங்கும் வேண்டும். எலெக்ட்ரோனிக் பிரொன்டியர் பவுண்டேசன் என்னும் அமெரிக்க அமைப்பு 2003இல் ஓர் எளிய திருத்தத்தை முன்மொழிந்தது: உடையவன் விரும்பினால் தன் பொறி சொல்லும் சாட்சியத்தைத் தானே தீர்மானிக்க இடமிருக்கட்டும், கள்வனிடமிருந்து காக்கும் பயன்கள் யாவும் அப்படியே நிற்கும். கம்பனிகள் இதை ஏற்கவில்லை. பாதுகாப்பு மட்டுமே நோக்கமாயிருந்தால் மறுப்பதற்குக் காரணமில்லை. மறுப்பே நோக்கத்தை வெளிப்படுத்திவிட்டது.

இரண்டாவது வாதம் எழுத்தாளன் பிழைக்கவேண்டாமா என்பது. பிழைக்கத்தான் வேண்டும், உழைப்புக்கு ஊதியம் கோருவோரே நாம். ஆனால் பூட்டின் சாவி எழுத்தாளன் கையில் இல்லை. தன் நூலைத் தன் வாசகருக்குத் திறந்துவிட எழுத்தாளன் விரும்பினாலும், கடைக்காரனின் பூட்டு அதற்கு இடங் கொடாமற் போகலாம். கதையிலே டான் எதிர்பார்த்த பத்திலொரு பங்கு இவ் வாதத்துக்கு ஆசிரியர் முன்கூட்டியே தந்த பதில்.

வணிக நோக்கம் நூலோடு நிற்பதில்லை என்பதையும் அனுபவம் காட்டியுள்ளது. சோனி நிறுவனம் 2006இல் விற்கத் தொடங்கிய பிளேஸ்டேசன் 3 விளையாட்டுப் பொறியில் லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளத்தை நிறுவும் வசதி இருந்தது. 2010 ஏப்ரல் 1ஆம் திகதி ஒரு புதுப்பித்தல் மூலம் அவ் வசதி நீக்கப்பட்டது. புதுப்பிக்க மறுத்தால் வலையமைப்பில் விளையாட இயலாது. விற்றுப் பணம் பெற்ற பண்டத்தின் பயனை மூன்றாண்டுக்குமேல் கழிந்தபின் திரும்ப எடுத்துக்கொள்வது வணிகத்தில் புதிய அத்தியாயம். ஐபோனுக்கு மென்பொருளை அப்பிள் கடையன்றி வேறெங்கிருந்தும் பெறவொண்ணாத நிலை 2008 முதல் நீடித்தது. ஐரோப்பிய ஒன்றியம் சட்டமியற்றி நெருக்கியபின்பே, 2024இல், அங்கு மட்டும், கதவு சிறிது திறந்தது. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, முற்கூறிய சில்லின் இரண்டாம் பதிப்பை நிபந்தனையாக்கிற்று. பட்டியலில் அடங்காத செயலிகளும் தள்ளப்பட்டன. 2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிவுற்றபோது, பழுதேதுமின்றி ஓடிக்கொண்டிருந்த எண்ணற்ற கணினிகள் காகிதத்தில் முதுமை எய்தின.

இவற்றின் பொருளியல் ஒன்றே. பண்டத்தை விற்றால் ஒரு முறை இலாபம். பண்டத்தை விற்றபின்னும் அதன் கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருந்தால் இடையறாத வாரம். நிலத்தை உழுபவனிடமிருந்து நிலக்கிழார் பெற்ற அதே வாரம், இன்று வாசிப்பவனிடமும் கேட்பவனிடமும் வசூலிக்கப்படுகிறது. வாங்கியவன் உடையவன் என்ற பழைய முதலாளித்துவ நியாயத்தைக்கூட இன்றைய ஏகபோகம் காப்பாற்றவில்லை. தனியுடைமையின் புனிதத்தை ஓயாது ஓதியவர்களே, நம் கையிலுள்ள சிறு பொறியின் உடைமையை நமக்கு மறுப்பது வரலாற்றின் வேடிக்கை.

இப்பொழுது கதைக்குத் திரும்பி அதன் ஆழமான தவறைச் சுட்டலாம். ஸ்டோல்மன் அச்சத்தின் மூலம் ஆளும் ஒரு சமுதாயத்தைக் கற்பனை செய்தார். நடந்ததோ வேறு. சிறைச்சாலை காட்டி எவரையும் இந்நிலைக்குக் கொண்டுவர நேரவில்லை. வசதியென்னும் இனிப்புக் கொடுத்தே கொண்டுவந்தார்கள். ஒரு தொடுகையிற் பாட்டு, மாதச் சந்தாவிற் படம், கவலையற்ற புதுப்பித்தல். டான் தன் நூல்களைப் பிறருக்குக் கொடுக்க அஞ்சினான். இன்றைய வாசகனுக்குக் கொடுக்கும் எண்ணமே தோன்றுவதில்லை. அச்சத்துக்கு உட்பட்டவன் என்றாவது கிளர்ந்தெழுவான். பழக்கத்துக்கு உட்பட்டவன் தன் கட்டைக் கட்டென்று உணர்வதே அரிது. அடக்குமுறையை எழுதத் தெரிந்த ஆசிரியருக்கு இணக்கத்தை எழுதத் தெரியவில்லை. இதை எழுதும் கதை இனித்தான் வரவேண்டும்.

நம் ஆசிரியரும் மாணவரும் இதை அமெரிக்கர் விவகாரம் என ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஒரு பத்திரிகையை முப்பது பேர் மாறி மாறி வாசித்த ஊர் வாசிகசாலைகளில் வளர்ந்தது நம் அரசியலறிவு. ஒரே பாடநூலைப் பலர் கைமாற்றிப் படித்துப் பரீட்சை தேறிய தலைமுறைகள் நம்மிடையே உண்டு. இரவல் என்பது நமக்குக் கள்ளத்தனமன்று, கல்வியின் வழி. அதே எண்ணியல் நுட்பம் இரவலை விரிக்கவும் வல்லது. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் இணைய நூலகம், கிடைத்தற்கரிய ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எவரும் கட்டணமின்றி வாசிக்க வைத்திருக்கிறது. நுட்பம் ஒன்றே, ஓரிடத்தில் அது பூட்டு, ஓரிடத்தில் அது திறந்த கதவு. வேறுபாடு சில்லில் இல்லை. அது யாருக்குப் பணி செய்கிறது என்பதில் இருக்கிறது.

ஆகவே 'வாசிக்கும் உரிமை' சிறந்த சிறுகதையா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வோம். பாத்திரங்கள் மெலிந்தவை, முடிவு எளிதாய் வந்தது. தேவையான கதையா என்று கேட்டால், ஆம் என்போம். இரவல் கொடுக்கும் கையை நடுங்கவைக்கும் உலகம் ஒன்று உருவாகிக்கொண்டிருப்பதை, அது உருவாகுமுன்பே கண்டு சொன்னது அக் கதை. பிரசாரம் என்று அதனை ஒதுக்கியோர், அதன் பக்கங்கள் செய்தித்தாள்களில் மெய்ப்படுவதைக் காண நேர்ந்தது. அது விட்ட குறையை நிரப்புவது சந்திரனுக்குப் போய்ச் செய்யக்கூடிய வேலையன்று. பாடசாலைக்குக் கணினி வாங்கும்போது அதன் சாவி யார் கையில் என்று கேட்பது, கட்டற்ற மென்பொருளை மாணவருக்குப் பழக்குவது, நம் எழுத்துகளைப் பூட்டின்றி வெளியிடுவது, வாங்கியவனுக்கே பொறி உரியது என்ற சட்டத்தைக் கூட்டாகக் கோருவது: இவை யாவும் இம் மண்ணிலேயே, இன்றே தொடங்கக் கூடியவை.